பிலிப்பைன்ஸின் முதல் அதிபர் யார்? மூன்று பதில்கள், ஒரு பழைய சண்டை

பள்ளி வினாடி வினாவில் பிலிப்பைன்ஸின் முதல் அதிபர் எமிலியோ அகினால்டோ என்று உங்கள் மகள் சொல்லியிருக்கிறாள். நடுவர் ‘தவறு, மானுவல் ரோஹாஸ்’ என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பழைய பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்டினால் அதில் மானுவல் கேசோன் என்று இருக்கிறது. மூன்றில் எது சரி, நம் ஊரில் விருதின் பெயராக மட்டும் தெரிந்த மகசேசே இந்த வரிசையில் எங்கே வருகிறார், இவர்களெல்லாம் அந்த நாட்டுக்கு என்ன விட்டுப்போனார்கள் என்பது உங்கள் கேள்வி. சுருக்கமான பதில்: உங்கள் மகள் சொன்னதுதான் சரி. ஆனால் நடுவரையும் அந்தப் புத்தகத்தையும் முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. பிலிப்பைன்ஸ் எந்த நாளில் பிறந்தது என்பதில் அந்த நாட்டுக்காரர்களே அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒத்துப்போகவில்லை. பிறந்தநாள் மாறினால் முதல் அதிபரும் மாறுவார்.

கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் தென்கிழக்கு ஆசிய வரலாறு நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஸ்பானிய ஆவணங்களை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன், தகாலோகு மொழி எனக்குத் தெரியாது. அந்தக் குறையை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இன்று மணிலாவில் அரசு வைத்திருக்கும் வரிசை இது: அகினால்டோ, கேசோன், ஹோசே லாரெல், செர்ஹியோ ஒஸ்மேன்யா, ரோஹாஸ், எல்பிடியோ கிரினோ, ரமோன் மகசேசே. இதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் நடுவே முப்பத்து நான்கு ஆண்டு இடைவெளி. இரண்டாமவர் பதவியில் இருக்கும்போதே மூன்றாமவரும் பதவியில் இருக்கிறார், ஒருவர் வாஷிங்டனில், இன்னொருவர் மணிலாவில். மூன்றாமவர்மீது போருக்குப் பின் தேசத்துரோக வழக்கு வந்தது. இவர்கள் எல்லாரையும் ஒரே பட்டியலில் உட்கார வைத்ததே ஒரு சமரசம்தான்.

அகினால்டோவிலிருந்து தொடங்குகிறேன். பிறந்தது 1869 மார்ச் 22, மணிலா விரிகுடாவின் தென்கரையில் காவிதே மாகாணத்தின் காவித் என்ற ஊரில். ஓரளவு வசதியான குடும்பம், இருபத்தைந்து வயதிலேயே ஊர்த் தலைவர். ஸ்பெயினுக்கு எதிராக ‘கதிபுனான்’ என்ற ரகசியச் சங்கத்தை 1892-ல் மணிலாவில் கட்டியவர்களில் முதன்மையானவர் ஆந்த்ரேஸ் போனிஃபாசியோ. அவர் கைத்தடியும் காகித விசிறியும் விற்றுத் தம்பி தங்கைகளைக் காப்பாற்றியவர், பிறகு கிடங்கில் வேலை பார்த்தவர். 1896-ல் புரட்சி வெடித்தபோது மணிலாவில் போனிஃபாசியோ தோற்றுக்கொண்டிருந்தார், காவிதேயில் அகினால்டோ ஜெயித்துக்கொண்டிருந்தார். 1897 மார்ச் 22 அன்று தெஹேரோஸ் என்ற இடத்தில் கூடிய கூட்டம் அகினால்டோவை அதிபராகத் தேர்ந்தெடுத்தது. அன்று அவருடைய பிறந்தநாள், ஆள் கூட்டத்திலேயே இல்லை, போர்முனையில் இருந்தார். போனிஃபாசியோவுக்கு உள்துறை கிடைத்தது. உடனே ஒருவர் எழுந்து, அந்தப் பதவிக்குச் சட்டம் படித்தவர் வேண்டும் என்றார். கூட்டத்துக்குத் தலைமை வகித்தவரே போனிஃபாசியோதான். அவமானம் தாங்காமல் அன்று நடந்தது எதுவும் செல்லாது என்று அறிவித்துவிட்டு வெளியேறினார். ஏழு வாரத்தில், மே 10 அன்று, அவரையும் தம்பி புரோகோப்பியோவையும் மாரகோந்தோன் மலைப்பகுதியில் சொந்தப் புரட்சிப்படையே சுட்டுக் கொன்றது.

இதில் உறுதியானது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரித்துவிடுகிறேன். ராணுவ விசாரணை நடந்தது உறுதி. மரண தண்டனையை நாடுகடத்தலாகக் குறைத்த அகினால்டோ, தளபதிகள் சிலர் வற்புறுத்தியதும் அந்தக் கருணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் உறுதி. போனிஃபாசியோ உண்மையிலேயே அகினால்டோவைக் கொல்லச் சதி செய்தாரா என்பதற்கு அந்த விசாரணையில் கிடைத்த சாட்சியத்தைத் தவிர ஆதாரமில்லை. விசாரித்தவர்கள் எதிரணியினர் என்பதால் நான் அதை நம்புவதில்லை. இந்த ஒரு விஷயத்தால்தான் ‘முதல் அதிபர் போனிஃபாசியோதான்’ என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். கதிபுனான் வெறும் சங்கமாக நிற்காமல் அரசாங்கமாக மாறியது, அதன் தலைவராகப் போனிஃபாசியோ கையெழுத்திட்ட கடிதங்கள் இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். பலமான வாதம்தான், ஆனால் அரசு இன்னும் ஏற்கவில்லை.

அப்புறம் நடந்தது வேகமாகச் சொல்லக்கூடியது. 1897 டிசம்பரில் ஸ்பெயினோடு ஒப்பந்தம், நான்கு லட்சம் பெசோ பணத்தோடு ஹாங்காங்கில் தஞ்சம். 1898 மே மாதம் அமெரிக்கக் கப்பலிலேயே திரும்பி வந்து, ஜூன் 12 அன்று காவித்தில் தன் வீட்டில் சுதந்திரப் பிரகடனம். 1899 ஜனவரி 23 அன்று மலோலோஸ் நகரில் அரசியல் சட்டத்தோடு கூடிய குடியரசு, அதன் அதிபர் அகினால்டோ, வயது இருபத்தொன்பது. ஆசியாவின் முதல் குடியரசு என்று பிலிப்பினோக்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். 1895-ல் ஃபார்மோசாவில் (இன்றைய தைவான்) சில மாதங்கள் ஒரு குடியரசு இருந்தது, ஆனால் தேர்ந்தெடுத்த பேரவை கூடி விவாதித்து எழுதிய சட்டம் என்று பார்த்தால் மலோலோஸுக்குத் தனி இடம் உண்டு. அந்தச் சட்டத்துக்கு மை காய்வதற்குள், இரண்டு கோடி டாலருக்குத் தீவுகளை ஸ்பெயினிடமிருந்து வாங்கியிருந்த அமெரிக்காவோடு பிப்ரவரி 4 அன்று போர் மூண்டது. ஜூன் மாதம் திறமையான தளபதி அந்தோனியோ லூனா, அதிபர் அழைப்பதாகத் தந்தி வந்து போன இடத்தில், அதிபரின் சொந்த ஊர்ப் படைவீரர்களாலேயே வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார். அகினால்டோ உத்தரவிட்டார் என்று நிரூபிக்க ஒரு காகிதமும் கிடைத்ததில்லை. கொன்றவர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

1901 மார்ச் 23 அன்று, முப்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு மறுநாள், வடகிழக்கு மலைகளில் பலானான் என்ற ஊரில் அகினால்டோ பிடிபட்டார். கேட்டிருந்த துணைப்படை வந்துவிட்டது என்று நம்ப வைத்து, அமெரிக்கர்கள் உள்ளூர்ச் சிப்பாய்களை வேடமிட்டு அனுப்பியிருந்தார்கள். ஏப்ரலில் அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த காட்சி இங்கே வருகிறது. காட்டில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு தளபதி, அதிபர் பிடிபட்டது நிஜமா என்று பார்த்து வரத் தன் இளம் மேஜரை மணிலாவுக்கு அனுப்பினார். சரணடைந்து உள்ளே போன அந்த மேஜரை மலகான்யாங் மாளிகையில் அகினால்டோவிடம் அழைத்துச் சென்றார்கள். காவலில் இருந்த தலைவரைக் கண்ணால் பார்த்துவிட்டு, நம் கதை முடிந்தது என்று அந்த இளைஞர் புரிந்துகொண்டார். இருபத்திரண்டு வயதான அவர் பெயர் மானுவல் கேசோன். முப்பத்து நான்கு ஆண்டு கழித்து அதே மாளிகைக்கு அவர் அதிபராகக் குடிபோனார், 1935 தேர்தலில் அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் அதே அகினால்டோ. கேசோனுக்கு சுமார் 68 சதவீத ஓட்டு, பழைய தலைவருக்கு 18 சதவீதம்கூடத் தேறவில்லை. இந்தக் காட்சியை நமக்குச் சொன்னவர் கேசோனே என்பதால் உரையாடல்களில் கொஞ்சம் உப்பு மிளகு சேர்ந்திருக்கலாம். சந்திப்பு நடந்தது உண்மை.

உங்கள் பழைய புத்தகம் கேசோனை முதல்வர் என்று சொல்வதற்குக் காரணம், 1935 நவம்பர் 15-ல் தொடங்கிய ‘காமன்வெல்த்’ அரசின் முதல் அதிபர் அவர்தான். பத்தாண்டு கழித்து முழுச் சுதந்திரம் என்ற வாக்குறுதியோடு அமெரிக்கா தந்த தன்னாட்சி அது. அந்த வாக்குறுதியை வாங்கி வந்த கதையிலேயே மனிதர் யாரென்று தெரிந்துவிடும். முதலில் ஒஸ்மேன்யாவும் ரோஹாஸும் வாஷிங்டன் போய் ஒரு சுதந்திரச் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். கேசோன் அதைத் தோற்கடித்தார், தானே போய் 1934-ல் ஏறக்குறைய அதே சட்டத்தை வாங்கி வந்து பெயரைத் தட்டிக்கொண்டார். ராணுவ தளம் பற்றிய பிரிவில் உண்மையான வித்தியாசம் இருந்தது, மற்றபடி பெயர் யாருக்கு என்ற போட்டிதான். அமெரிக்கர் சொர்க்கம்போல் நடத்தும் அரசைவிட பிலிப்பினோக்கள் நரகம்போல் நடத்தும் அரசே எனக்கு வேண்டும் என்று முழங்கியவரும் இவர்தான். அதிகாரத்தை ஒரே கையில் குவித்தார், ஆறு ஆண்டு ஒரே தவணை என்றிருந்த சட்டத்தை 1940-ல் தனக்கு வசதியாகத் திருத்தவும் செய்தார். ஆனால் 1937-ல் பெண்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, நான்கு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் ‘ஆம்’ விழுந்து, அவர்களுக்கு வாக்குரிமை வந்தது இவர் காலத்தில். அதே ஆண்டு மணிலா வட்டாரத்தில் பேசும் தகாலோகு தேசிய மொழிக்கு அடிப்படையானது. செபு, இலோகோஸ் பகுதிக்காரர்களுக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு, மொழி அரசியல் தெரிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. உலகின் கதவுகள் மூடிக்கொண்டிருந்தபோது, ஹிட்லரிடமிருந்து தப்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களுக்கு மணிலாவில் இடம் கொடுத்தார். போர் வந்ததும் கொரெஹிதோர் தீவிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் தப்பி அமெரிக்கா போனார். 1944 ஆகஸ்ட் 1 அன்று காசநோயால் நியூயார்க் மாநிலத்தில் இறந்தார், திரும்ப ஊரைப் பார்க்கவில்லை.

அவர் கிளம்பும்போது விட்டுச்சென்றவர்களில் இரண்டு பேரை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். தலைமை நீதிபதி ஹோசே அபாத் சாந்தோஸ் ஜப்பானியரிடம் பிடிபட்டார். ஒத்துழைக்க மறுத்தார். 1942 மே மாதம் சுட்டுக் கொன்றார்கள். நீதிபதி லாரெல் மணிலாவில் இருந்தார், ஒத்துழைத்தார், 1943 அக்டோபர் 14 அன்று ஜப்பான் ஆதரவோடு அமைந்த குடியரசின் அதிபரானார்.

நான் மாணவர்களிடம் அதிகம் தடுமாறியது லாரெல் விஷயத்தில்தான். 1891-ல் பதாங்காஸ் மாகாணத்தில் பிறந்தவர், யேல் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர். அவர் எழுதிய தீர்ப்புகளை, குறிப்பாக நீதிமன்றத்துக்குள்ள மறுஆய்வு அதிகாரம் பற்றிய 1936 தீர்ப்பை, அந்நாட்டுச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மாணவப் பருவத்தில் ஒரு பெண் விஷயமாக நடந்த கைகலப்பில் போட்டியாளரைக் கத்தியால் குத்தி, கீழ்நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, உச்ச நீதிமன்றத்தில் தற்காப்பு என்று விடுதலையானவர். 1940-ல், தந்தையின் அரசியல் எதிரியைச் சுட்டதாகத் தண்டிக்கப்பட்ட ஓர் இளைஞரின் மேல்முறையீடு அதே நீதிமன்றத்துக்கு வந்தது, விடுவித்துத் தீர்ப்பெழுதியவர் லாரெல். அந்த இளைஞர், பின்னாளில் அதிபராகிச் சர்வாதிகாரியான ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ். தன் இளமைக்காலத்தை நினைத்து மனம் இளகினார் என்று நிறைய பேர் சொல்வார்கள். தீர்ப்பில் அப்படி எதுவும் இல்லை, சாட்சி நம்பத்தகுந்ததில்லை என்பதே அதிலுள்ள காரணம்.

அதிபராக லாரெல் என்ன செய்தார்? 1943 நவம்பரில் டோக்கியோ மாநாட்டில் உட்கார்ந்தார். நம் நேதாஜி சுபாஷ் சந்திர போஸும் பார்வையாளராக வந்திருந்த அதே மாநாடு. சேனைக்கு ஆள்பிடித்துத் தரச் சொல்லி ஜப்பான் நெருக்கியபோது மசியவில்லை. 1944 செப்டம்பரில் அமெரிக்கா, பிரிட்டனோடு போர்நிலை இருப்பதாக அறிவித்தார், கட்டாய ராணுவச் சேவையைக் கொண்டுவரவில்லை. காகிதத்தில் போர், களத்தில் ஆள் இல்லை. இதைச் சாமர்த்தியம் என்பவர்கள் உண்டு. அந்த இரண்டு வருடமும் அரிசியில்லாமல் செத்தவர்களும் ஜப்பானியக் காவல்கிடங்குகளில் சித்திரவதைப்பட்டவர்களும் இருக்க, அதிபர் பதவி ஒரு போர்வையாகப் பயன்பட்டது என்பவர்களும் உண்டு. அவர் இல்லாமலிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்குமா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் கெரில்லாக்களின் கருத்து என்னவென்று தெரியும்: 1943 ஜூனில், அதிபராவதற்கு முன்பே, கோல்ஃப் மைதானத்தில் அவரைச் சுட்டார்கள், பிழைத்துக்கொண்டார். போருக்குப் பின் 132 குற்றச்சாட்டுகள், பிறகு 1948-ல் பொதுமன்னிப்பு. 1949-ல் அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். பறவைகளும் வண்டுகளும்கூட ஓட்டுப் போட்டன என்று கேலி செய்யப்பட்ட தேர்தல் அது, நியாயமாக நடந்திருந்தால் என்னாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. 1951 செனட் தேர்தலில் நாட்டிலேயே அதிக ஓட்டு வாங்கினார். மக்கள் கொடுத்த அந்தத் தீர்ப்பை என்னால் ஒதுக்க முடியவில்லை, அபாத் சாந்தோஸின் மரணத்தையும் மறக்க முடியவில்லை.

ஒஸ்மேன்யாவை எல்லாரும் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள், நானும் அதிகம் நிற்கப்போவதில்லை. ஆனால் ஒன்று. 1943 நவம்பரில் சட்டப்படி கேசோனின் காலம் முடிந்து, துணை அதிபரான இவருக்குப் பதவி வந்திருக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருந்த நண்பருக்காக, அவரே தொடரட்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸைக் கேட்டு விட்டுக்கொடுத்தார். இருவரும் மூன்று வார இடைவெளியில் பிறந்தவர்கள், வாழ்நாள் முழுக்கப் போட்டியாளர்கள். 1944 அக்டோபர் 20 அன்று, தீவுகளை மீட்க வந்த அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரோடு லெய்தே கடற்கரையில் இறங்கியவர் இவர். படங்களில் எல்லாரும் மெக்ஆர்தரைத்தான் பார்க்கிறார்கள். 1946 தேர்தலில், என் நாற்பதாண்டுச் சேவை மக்களுக்குத் தெரியும் என்று பிரசாரத்துக்கே போகாமல் ரோஹாஸிடம் தோற்றார்.

ரோஹாஸ்தான் உங்கள் நடுவரின் பதில். 1946 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்றே, பிலிப்பைன்ஸுக்கும் சுதந்திரம் கொடுக்கப்பட்டது, அந்தக் குடியரசின் முதல் அதிபர் இவர். போரில் மணிலா தரைமட்டமாகக் கிடந்தது. புனரமைப்புப் பணம் முழுதாக வேண்டுமென்றால், நாட்டின் இயற்கை வளங்களில் அமெரிக்கருக்கும் சம உரிமை தர வேண்டும், அதற்காக அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்றது வாஷிங்டன். பிலிப்பைன்ஸ் காங்கிரஸில் தேவையான நான்கில் மூன்று பங்கு ஓட்டு கிடைக்காது என்று தெரிந்ததும், எதிரணி உறுப்பினர்கள் சிலரைத் தேர்தல் முறைகேடு என்று சொல்லி உட்கார விடாமல் செய்தார்கள். 1947 மார்ச்சில் வாக்கெடுப்பில் திருத்தம் நிறைவேறியது. அதற்கு முந்தின நாள் பிளாசா மிராண்டா கூட்டத்தில் ஒரு முடிதிருத்துபவர் ரோஹாஸ்மீது கையெறிகுண்டு வீசினார், அதிபர் தப்பினார், கூட்டத்தில் உயிர்ப்பலி நேர்ந்தது. அதே மாதம் அமெரிக்கத் தளங்களுக்கு 99 ஆண்டு ஒப்பந்தமும் கையெழுத்தானது. 1948 ஏப்ரல் 15 அன்று அப்படிப்பட்ட ஒரு தளமான கிளார்க்கில் பேசிவிட்டு அன்றிரவே மாரடைப்பில் இறந்தார். லாரெலுக்குக் கிடைத்த பொதுமன்னிப்பைக் கொடுத்தவர் இவர்தான். ஜப்பானியர் காலத்து அரசில் இவரும் வேலை பார்த்தவர், மெக்ஆர்தரின் நட்பு இவரைக் காப்பாற்றியது. மன்னிப்பில் சுயநலம் எவ்வளவு என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

கிரினோ பற்றி ஒரே ஒரு செய்தி போதும். 1945 பிப்ரவரியில் மணிலாப் போரில் அவர் மனைவியும் மூன்று குழந்தைகளும் ஜப்பானியரின் கையால் இறந்தார்கள். 1953-ல், பதவி முடியும் தறுவாயில், சிறையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியப் போர்க்குற்றவாளிகளுக்கு மன்னிப்பும் தண்டனைக் குறைப்பும் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். ஊழல் ஆட்சி என்ற கெட்ட பெயரோடு அந்த ஆண்டே தோற்றார்.

தோற்கடித்தவர் மகசேசே. பேருந்து நிறுவனத்தில் மெக்கானிக்காக இருந்து, கெரில்லாவாகி, பாதுகாப்புத் துறைச் செயலராக ஹுக் எனப்பட்ட இடதுசாரி விவசாயிகளின் கிளர்ச்சியை அடக்கியவர். சரணடைந்தவர்களுக்கு மின்டனாவோவில் நிலம் கொடுத்தார். அதிபர் மாளிகையின் கதவுகளைத் திறந்துவிட்டார், சில காசு செலவில் தந்தியடித்தால் குறை கேட்கும் அலுவலகம் வைத்தார். நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்க உளவுத்துறையின் எட்வர்ட் லான்ஸ்டேல் அவருக்கு மிக நெருக்கமாக இருந்து தேர்தலுக்கும் உதவினார் என்பதும் சந்தேகமில்லாதது. நிலச்சுவான்தார்கள் நிறைந்த காங்கிரஸ் அவருடைய நிலச் சீர்திருத்தத்தைப் பல்லைப் பிடுங்கிய பாம்பாக்கியது. 1957 மார்ச் 17 அன்று செபுவில் அவர் போன விமானம் மலையில் மோதி, ஒரே ஒரு பத்திரிகையாளரைத் தவிர அனைவரும் இறந்தார்கள். வயது 49. ராக்பெல்லர் நிதியில் அதே ஆண்டு உருவான விருதுதான் வினோபா பாவே, எம்.எஸ். சுவாமிநாதன், எம்.எஸ். சுப்புலட்சுமி, இலங்கையின் ஆரியரத்ன எல்லாரும் வாங்கியது. ஒரு சின்னத் தொடுப்பு: அமெரிக்கருக்குச் சம உரிமை தந்து ரோஹாஸ் போட்ட அந்த வணிக ஒப்பந்தத்தைத் திருத்திப் பேச மகசேசே யாரை அனுப்பினார் தெரியுமா? லாரெலை.

சரி, பிறந்தநாள் எப்படி மாறியது? 1962 மே மாதம், போர் நட்ட ஈட்டில் மீதி 7.3 கோடி டாலரைத் தரும் மசோதாவை அமெரிக்கக் கீழவை நிராகரித்தது. கோபத்தில் தன் அமெரிக்கப் பயணத்தை ரத்து செய்த அதிபர் டியோஸ்டாடோ மகபகல், சுதந்திர நாளை ஜூலை 4-லிருந்து ஜூன் 12-க்கு மாற்றினார். இதைத் தான் நீண்ட காலமாக நினைத்திருந்ததாகவே அவர் சொன்னார், பணக் கோபம் நேரத்தைத்தான் தீர்மானித்தது என்று நானும் எடுத்துக்கொள்கிறேன். அந்த விழாவில் 93 வயது அகினால்டோ கலந்துகொண்டார். நடுவில் அவர் 1942-ல் ஜப்பானியருக்காக வானொலியில் பேசி, சரணடையும்படி மெக்ஆர்தரைக் கேட்டிருந்ததை அன்று யாரும் பெரிதாக நினைவுபடுத்தவில்லை. லாரெலுக்கு அதிகாரப்பூர்வ வரிசையில் இடம் கிடைத்ததும் அந்த அறுபதுகளில்தான். 1964 பிப்ரவரியில் அகினால்டோ இறந்தார். 2017-ல் வந்த புதிய ஐந்து பெசோ நாணயத்தில் அவர் முகத்தை எடுத்துவிட்டு போனிஃபாசியோவின் முகத்தைப் போட்டார்கள்.

நடுவரிடம் பேசப்போனால் சண்டைக்குப் போகாதீர்கள். கேள்வியில் ‘1946-க்குப் பிந்தைய குடியரசின்’ என்று ஒரு சொல் சேர்ந்திருந்தால் அவர் சரி, அப்படி இல்லாததால் பாப்பா சரி என்று சொல்லிப் பாருங்கள். அவர் ஒப்புக்கொண்டு மதிப்பெண்ணைத் திருத்தினால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.